ஹெல் டிரைவர்ஸ்: ஜல்லி லாரியும் டிரிப் கூலியும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வரும் சாலையில், ஜல்லி ஏற்றிய டிப்பர் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் பைக்கை ஓரங்கட்டிவிடுகிறோம். டிரைவருக்கு ஒரு வசவும் விழுகிறது. அவருக்கு ஏன் அத்தனை அவசரம்? இந்தக் கேள்வியை வைத்தே 1957-இல் பிரிட்டனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார்கள். பெயர் 'ஹெல் டிரைவர்ஸ்'.

சிறையிலிருந்து வெளியே வந்த டாம், ஜல்லி அடிக்கும் கம்பெனியில் லாரி ஓட்டச் சேர்கிறான். அங்கே டிரிப்புக்குத்தான் கூலி. எல்லோரையும் முந்துகிறவன் ரெட். அவனை மிஞ்சுகிறவனுக்குத் தங்க சிகரெட் பெட்டி பந்தயம். குறுகலான கிராமச் சாலையில் லாரிகள் ஒன்றையொன்று உரசிப் பறக்கின்றன. ஆனால் அந்தப் போட்டியை மூட்டிவிட்டது ஒரு திருட்டுக் கணக்கு. தேவையான ஆட்களை வைக்காமல், மிச்சமாகும் சம்பளத்தை மேனேஜரும் ரெட்டும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அது தெரியாத டிரைவர்கள் டாமை எதிரியாக்கித் தொல்லை கொடுக்கிறார்கள். படத்தின் பலமே இந்த இடம்தான் என்பேன்.

இயக்கிய சை என்ட்ஃபீல்ட் அமெரிக்கர். இடதுசாரி என்று ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் வைத்ததால் பிரிட்டனுக்கு வந்து பிழைத்தவர். வேலை பறிபோவது என்னவென்று அவருக்குத் தெரியும். டாமாக நடித்த ஸ்டான்லி பேக்கர், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதிலும், பேச வேண்டிய இடத்தில் வாயை இறுக்கிக்கொள்வதிலும் உழைக்கிறவன் தெரிகிறான். பின்னாளில் ஜேம்ஸ் பாண்டாகப் புகழ்பெற்ற ஷான் கானரியும் சின்ன வேடத்தில் வருகிறார். ஹெர்பர்ட் லோம் நடித்த இத்தாலியன் ஜினோவை மறக்கவே முடியாது. நண்பனுக்கு வரவேண்டிய வினையைத் தன்மேல் வாங்கிக்கொண்டு சாகிறான்.

குறையும் உண்டு. காதல் பகுதி ஒட்டவில்லை. சில ஓட்டங்களில் வேகத்தைக் கேமராவே கூட்டிக் காட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த்தின் ஒளிப்பதிவில் புழுதியும் சேறும் அசல்.

நம் சினிமாவில் லாரி டிரைவர் கதாநாயகனாக வந்திருக்கிறார். பாட்டுப் பாடியிருக்கிறார், வில்லனைத் துரத்தியிருக்கிறார். அவருடைய பேட்டா எவ்வளவு, டிரிப் குறைந்தால் வீட்டில் என்ன ஆகும் என்று கேட்ட படங்கள் அரிது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கும் ஊர்களில் அந்தக் கதை தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. குறும்படம் எடுக்கும் நம் பிள்ளைகள் 'ஹெல் டிரைவர்ஸை' ஒருமுறை பார்க்கட்டும். பிறகு டிரைவரிடம் கேட்டு, ஒரு முழு நாள் டிப்பர் கேபினில் உட்கார்ந்து வரட்டும்.