கைப்பிள்ளையை யாரிடம் விட்டுப் போறோம்?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



கூட்டம் போட்டால் கடன், வசூல், வட்டி என்று பேசியே பொழுது போயிடுது. இன்றைக்கு வேறு ஒரு கணக்கைப் பேசலாம். நாம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும்போது கைப்பிள்ளையை யாரிடம் விட்டுட்டுப் போறோம்? மாமியார் இருந்தால் மாமியார். இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்கா. அதுவும் இல்லையென்றால் மூத்த பெண் பிள்ளை. அவளே நாலாவதோ அஞ்சாவதோ படிக்கிறவள். வேலை மும்முரமாக இருக்கிற நாட்களில் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நம் கூலியை எண்ணி வாங்குறோம், அவள் விட்ட பாடத்தை யாரும் எண்ணுறதில்லை.

"பிள்ளையைப் பார்த்துக்க அரசாங்கம் பணம் தருதாமே, எந்த பேங்குல போடுவாங்க?" என்று குழுக்களில் கேட்கிறார்கள். இதில் இரண்டு விஷயம் கலந்து போச்சு. பேங்குக்கு வருவது கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 2018-ல் அதை 18,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதில் 14,000 ரொக்கம், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். குழந்தை பராமரிப்புக்கான உதவி அப்படி ரொக்கமாக நம் கைக்கு வராது. அது சோறாகவும் இடமாகவும், பார்த்துக்கொள்ள ஒரு ஆளாகவும் அங்கன்வாடிக்கு வருது. கையில் வராததால்தான் நமக்கு அது உதவியாகவே தெரியலை.

கணக்கைப் பாருங்கள். 6 மாதம் முதல் 6 வயது வரை ஒரு குழந்தையின் ஊட்டச்சத்துக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய், கடுமையான எடைக்குறைவு உள்ள பிள்ளைக்கு 12 ரூபாய் என்று 2017-ல் மத்திய அரசு நிர்ணயித்தது. பாதியை மத்திய அரசும் பாதியை மாநில அரசும் போடணும். வருடத்தில் 300 நாள் என்றால் ஒரு பிள்ளைக்கு 2,400 ரூபாய் ஆகுது. (8 ரூபாய்க்கு இன்றைக்கு என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுது. எங்களுக்கும் அதே கேள்விதான்.) நம் மாநிலத்தில் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு சத்துமாவு தருகிறார்கள். இரண்டு வயது முடிந்தால் மையத்திலேயே சூடான மதிய உணவும் வாரத்துக்கு 3 முட்டையும் உண்டு. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆரம்பித்த சத்துணவு முதலில் சென்றதே கிராமத்துச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான்.

இந்தப் பணம் தலைக்கு இவ்வளவு என்று வருது. பெயர் பதிவில் இல்லாத பிள்ளைக்குப் பங்கு வராது. ஆகவே பிரசவத்துக்குத் தாய்வீடு போனாலும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனாலும், போன ஊர் அங்கன்வாடியில் போய்ச் சொல்லுங்கள். பதிவு இப்போது செல்போன் செயலியில் இருப்பதால் ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு மாற்ற வழி இருக்கு.

இது யாரும் இரக்கப்பட்டுப் போடுற பிச்சை இல்லை. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அங்கன்வாடி உணவு குழந்தையின் உரிமை என்றே எழுதியிருக்கு. தராமல் விட்டால் அதற்கு ஈடாகப் பணம் கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு முன்பே, 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் தரணும். கேட்டால்தான் கிடைக்கும் என்பதைக் கவனியுங்கள். காலனியும் மேட்டுத்தெருவும் ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற இடங்களில், பிள்ளைகளை ரோடு தாண்டி அனுப்பப் பயந்து வீட்டிலேயே வைத்திருக்கிறோமே, அங்கே இந்த உத்தரவு உதவும்.

சரி, இரண்டு வயது முடிந்த பிள்ளை அங்கன்வாடிக்குப் போயிடும். அதற்குக் கீழே உள்ளதை என்ன செய்வது? நம் கஷ்டம் முழுக்க இங்கேதான் இருக்கு. சத்துமாவு வீட்டுக்கு வருது, ஆனால் அதைக் கிண்டி ஊட்ட ஆள் வேணுமே!

இதற்குத்தான் குழந்தைக் காப்பகத் திட்டம். 2006-ல் ராஜீவ் காந்தி பெயரில் ஆரம்பித்தது. 2017-ல் பெயர் மாறியது, 2022-லிருந்து 'பால்னா'. 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள 25 பிள்ளைகள் வரை ஒரு காப்பகத்தில் இருக்கலாம். ஒரு பணியாளரும் ஒரு உதவியாளரும் மாதம் 26 நாள், தினம் ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்ளணும். 2017 விதியில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம் மாதம் 20 ரூபாய் கட்டினால் போதும் என்றிருந்தது. மீதிச் செலவைத் திட்டமே ஏற்றது. பால்னாவில் அங்கன்வாடியோடு சேர்த்தே காப்பகம் நடத்தலாம். தாய் கூலிக்குப் போகிறாளா, சம்பளத்துக்கா, வீட்டில் இருக்கிறாளா என்ற வித்தியாசமும் கிடையாது.

ஆனால் நாடு முழுவதற்கும் 17,000 அங்கன்வாடிக் காப்பகம் என்றுதான் இலக்கு வைத்தார்கள். அங்கன்வாடிகளோ சுமார் 14 லட்சம்! நூறு மையத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அது சத்தம் போட்டுக் கேட்கிற ஊருக்குத்தான் போகும் என்பது எங்கள் எண்ணம்.

சட்டத்தில் இருந்தும் நாம் கேட்காமல் விட்டதும் உண்டு. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை நடக்கிற இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்கணும், அவளுக்கும் கூலி உண்டு என்று இருந்தது. எத்தனை வேலையில் அந்த ஆளைப் பார்த்தோம்? மண்வெட்டி இருந்ததா என்று கேட்டோம், தொட்டில் கட்ட மரம் நாமே தேடிக்கொண்டோம். மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனத்தில் காப்பக வசதி வேணும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். புதிய சட்டத் தொகுப்பிலும் இது இருக்கு.

இப்போது செய்ய வேண்டியது ஒரு வேலை. ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில், உறுப்பினர் வீடு மட்டுமில்லாமல் தெரு முழுக்க, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரும் வயதும் எழுதுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் எத்தனை, அங்கன்வாடிப் பதிவில் இல்லாதது எத்தனை, தங்கச்சி தம்பியைப் பார்க்கப் பள்ளிக்கூடம் விட்ட பெண் பிள்ளை எத்தனை என்று தனித்தனியாக இருக்கட்டும். அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். வருகிற கிராம சபையில் காப்பகம் கேட்டுத் தீர்மானம் வைக்க அந்தப் பட்டியல் வேணும். கிராம சபைக்கு வரும்போது கைப்பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டே வாங்க. அழுதால் அழட்டும், மேசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் காதிலும் விழட்டும்.