இடுப்பளவும் புற்றுநோயும்

உடலில் சேரும் மிகைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. ஓயாமல் வேலை செய்யும் திசு அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. கொழுப்பு கூடினால் அந்த ஹார்மோனும் கூடி, மார்பகம், கருப்பையின் உட்சுவர் ஆகியவற்றின் செல்களை அளவுக்கு மீறிப் பெருகத் தூண்டுகிறது. மிகுந்துபோன இன்சுலினும், தணியாத உள் அழற்சியும் பெருங்குடல் போன்ற உறுப்புகளைத் தாக்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் 13 வகைப் புற்றுநோய்களை உடல் பருமனோடு தொடர்புபடுத்தியது.

இந்தியர்களுக்கு வயிற்றைச் சுற்றியே கொழுப்பு அதிகம் சேர்கிறது. அதை அளக்க ஒரு தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப்பைச் சுற்ற வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அது எச்சரிக்கை.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, தட்டில் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் காய்கறி, கீரை, சுண்டல், சர்க்கரை கலந்த பானங்களுக்குப் பதில் தண்ணீர் அல்லது மோர் ஆகியவை எடையைக் கட்டுக்குள் வைக்கும். புகையிலையும் மதுவும் ஒல்லியானவரையும் விட்டுவைப்பதில்லை. அவற்றை அறவே விலக்க வேண்டும். புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.