மின்கம்பியும் உரிமமும்

வீட்டில் ஒரு பல்பு போய்விட்டால் நாமே மாற்றிக்கொள்கிறோம். ஆனால் சுவரைக் குடைந்து புதிதாகக் கம்பி இழுக்கப் புகுந்தால், "உரிமம் பெற்றவர் எங்கே?" என்று சட்டம் கேட்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி இதைச் சொல்லிற்று. விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்சு ஆகியவற்றை மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் நீங்கலாக, ஏனையவற்றை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்றிதழ் உடைய ஒருவரின் நேரடி மேற்பார்வையில் செய்விக்கவேண்டும். அவ்விதிகளின் இடத்தில் பின்னர் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வந்தன; அடிப்படை மாறவில்லை.

ஏன் இந்தக் கண்டிப்பு? தச்சர் செய்த நாற்காலி ஆடினால் உட்கார்ந்தவுடன் தெரிந்துவிடும். எர்த் கம்பி சரியாக இணைக்கப்படாத வீட்டிலோ விளக்கு பளிச்சென்று எரியும், விசிறியும் சுழலும். என்றோ ஒரு நாள் உள்ளிருக்கும் கம்பி தளர்ந்து இயந்திரத்தின் உலோக உறையில் படுகிறது. ஈரக் கையோடு அதைத் தொடுபவரின் உடல் வழியே மின்சாரம் தரைக்கு இறங்குகிறது. கூலி கொடுக்கும் வேளையில் வேலையின் குற்றம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே இங்குள்ள சங்கடம்.

எனினும், விரும்பிய தொழிலைச் செய்வது குடிமகனின் உரிமையன்றோ? நமது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு அவ்வுரிமையைத் தருகிறது. தொழில்நுட்பத் தகுதிகளை விதிக்கும் அதிகாரத்தை அதே பிரிவு அரசாங்கத்துக்கும் அளிக்கிறது. அமெரிக்காவில் டென்ட் என்ற வைத்தியர் இக்கேள்வியை எழுப்பினார். 1889இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உரிமச் சட்டத்தையே ஆதரித்தது. ஆயினும், விதிக்கும் தகுதி அத்தொழிலுக்குப் பொருத்தமாகவும், முறையான பயிற்சியால் எய்தக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்றது. இந்த அளவுகோலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதனினும் கடினமான வழக்கு கூலியைப் பற்றியது. கட்டிட வேலை, மின்வேலை முதலியவற்றை ஒப்பந்தமாக எடுப்போர்க்குக் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் உண்டு. உரிமமின்றி வேலை செய்தவர் கூலிக்காக வழக்காட முடியாது. நியூயார்க்கைச் சேர்ந்த ஹைட்ரோடெக் நிறுவனம், பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் செயற்கை அலைகள் எழும்பும் குளமொன்றை அமைத்துக் கொடுத்தது. அதற்கு அம்மாநில உரிமம் இல்லை. பணம் முழுதும் வராதபோது, "பணம் தருவோம் என்ற வாக்குறுதியே மோசடி, தராமலிருக்கும் எண்ணத்துடனேயே எங்களை வேலையில் இறக்கினார்கள்" என்று அந்நிறுவனம் முறையிட்டது. 1991இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கைக்கும் கதவை அடைத்தது. உரிமமற்றவருக்கு நேரும் இழப்பைக் காட்டிலும், உரிமமின்றித் தொழில் செய்வதைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம் என்பது தீர்ப்பின் சாரம்.

தடுப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வேலை நன்றாயிருந்ததா என்று கேளாமலேயே கூலியை மறுப்பது, ஏமாற்ற நினைக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு கருவியைக் கையில் கொடுத்ததாகாதா? அச்சட்டம் அதோடு நிற்கவும் இல்லை. 2001இல் செய்த திருத்தத்தின்படி, உரிமமற்றவருக்கு முன்பே கொடுத்த பணத்தையும் வீட்டுக்காரர் வழக்கிட்டுத் திரும்பப் பெறலாம்.