கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்



"கோர்ட்டுக்கே போறதில்லையாமா, அப்புறம் என்ன வக்கீல்?"னு காலையில ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நான் வணிகச் சட்டத்துல ஆராய்ச்சி பண்ற வக்கீல். கடன், ஒப்பந்தம், இன்சூரன்ஸ், காப்புரிமை சம்பந்தமா பழைய தீர்ப்புகளைத் தேடிப் படிச்சு, வாதாடுற வக்கீலுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். நாள் பூரா உட்கார்ந்த வேலை. இடுப்பு வலியில உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது.

தேடிப் படிச்சா என்ன கிடைக்கும்? ஒரு குடும்பத் தலைவி விபத்துல இறந்துட்டாங்க. இன்சூரன்ஸ் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சம்பளமே வாங்காதவங்களுக்கு எதை வச்சு நஷ்ட ஈடு கணக்குப் போடுறது? 2009-ல் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதிய தீர்ப்பு அதுக்கு மூணு வழி சொல்லுது. அவங்க வெளிவேலைக்குப் போயிருந்தா என்ன சம்பாதிச்சிருப்பாங்க என்பது ஒண்ணு. வீட்டுக்காரர் சம்பளத்துல பாதி என்பது இன்னொண்ணு. அவங்க செஞ்ச வேலைக்கெல்லாம் ஆள் வச்சா எவ்வளவு கூலி ஆகும் என்பது மூணாவது.

இந்த மூணாவது கணக்கை ராத்திரி வீட்டுல போட்டுப் பாருங்க. சமையல், துணி, பிள்ளைங்க, மாமியாருக்கு மருந்து, நடுவுல தார் சுத்துறது. நீங்க சுத்துற தாருக்குக் கூலி யார் கணக்குல ஏறுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை! மறு வருஷமே உச்ச நீதிமன்றம் வேறொரு விபத்து வழக்குல இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுச்சு.

அதே அம்மா பிறகு அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குத் தலைவரானாங்க. ஒரு புற்றுநோய் மருந்து மாசத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய். அதை நம்ம நாட்டுக் கம்பெனி 8,800 ரூபாய்க்குத் தர அரசு அனுமதிச்சது. காப்புரிமை வச்சிருந்த பேயர் கம்பெனி அப்பீல் போனப்ப, 2013-ல் வாரியம் அந்த அனுமதியை உறுதி செஞ்சது.

நாமக்கல்லிலும் சேலத்திலும் அரசு சட்டக் கல்லூரி இருக்குதுங்க. பிளஸ் டூ முடிச்ச பொண்ணு அஞ்சு வருஷம் படிக்கணும். கத்திப் பேச வராத பொண்ணுக்கும் இதுல இடம் உண்டு. பொறுமையாப் படிச்சா போதும்.

இன்னொண்ணு. ஜாமீன் கையெழுத்தைச் சாட்சிக் கையெழுத்து மாதிரி நினைக்காதீங்க. 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவுப்படி, வேற மாதிரி எழுதாத வரைக்கும், கடன் வாங்கினவர் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன் போட்டவங்களுக்கும் உண்டு. சாப்பாட்டுக்கு அப்புறம் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். கடன் பத்திரம் கையில இருக்கிறவங்க கொண்டு வாங்க, சேர்ந்து படிப்போம்.