நாடா காத்திருக்குமா?



மின்னணு இசை மேடையில் எவ்வளவு முன்பே பதிந்த ஒலி, எவ்வளவு நேரடி வாசிப்பு என்று இந்தக் கருத்தரங்கில் இரண்டு நாள் பேசப்போகிறோம். கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை விழுக்காட்டைப் பற்றியே கவலைப்படுகின்றன. பாதிக்கு மேல் பதிவு என்றால் அதைக் கச்சேரி என்று சொல்லலாமா என்று கேட்கின்றன. அந்தக் கணக்கை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1987இல் கிட்டார் கலைஞர் பேட் மெத்தினிக்காக எழுதிய ‘எலெக்ட்ரிக் கவுண்ட்டர்பாயிண்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிட்டார், 2 பாஸ் கிட்டார் பகுதிகள் முன்பே பதிந்தவை. 11ஆவது கிட்டார் மட்டுமே நேரடி. ஆனாலும் அதைப் போலிக் கச்சேரி என்று யாரும் சொன்னதில்லை. மாறாத துடிப்புதான் அந்தப் படைப்பின் உயிர் என்பதால், ஒலிநாடாவின் பிடிவாதம் அங்கே பொருந்திப் போகிறது.

நான் கேட்பது வேறு கேள்வி. காலப்பிரமாணம் யார் கையில் இருக்கிறது?

இளம் வயதில் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தேன். தாளக்கட்டும் வயலின்களும் சீக்வென்சரில் ஓடும். டிரம்மர் காதில் கிளிக். ஒரு கோயில் திருவிழாவில், இடையிசை முடிய இன்னும் 2 பார் இருக்கும்போதே பாடகி சரணத்தை எடுத்துவிட்டார். எல்லோரும் கையால் வாசிக்கும் குழுவாக இருந்தால் தபேலாக்காரர் ஒரு பார்வை பார்த்திருப்பார், நாங்கள் பாடகியோடு சேர்ந்துகொண்டிருப்போம், கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்தே இருக்காது. அன்றைக்குப் பெட்டிக்குள்ளிருந்த வயலின்கள் தம் போக்கில் போய்க்கொண்டிருந்தன. டிரம்மர் கிளிக்கையும் விட முடியாமல், பாட்டையும் விட முடியாமல், குச்சியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். நான் ஸ்டாப் பட்டனை அழுத்தினேன். அந்தப் பாட்டை அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கள் மேடையில் பாடவே இல்லை. தவறு அவருடையது அல்ல என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இதே முட்டுக்கட்டையைப் பெரிய இசையமைப்பாளர்களும் சந்தித்திருக்கிறார்கள். ஸ்டாக்ஹவுசனின் ‘கொன்டாக்டே’ 1960இல் கொலோன் நகரில் அரங்கேறியது. நாற்புறமும் நாடாவின் ஒலியைப் பரப்பும் ஸ்பீக்கர்கள், நடுவே டேவிட் டியூடரின் பியானோ, கிறிஸ்டோஃப் காஸ்கலின் தாள வாத்தியங்கள். வாத்தியக்காரர்கள் நாடாவைக் கேட்டு அந்தந்த நொடியில் தாமாகவே மறுமொழி வாசிக்க வேண்டும் என்பதுதான் முதலில் போட்ட திட்டம். ஒத்திகையில் அது கூடிவரவில்லை. முடிவில் ஸ்டாக்ஹவுசன் எல்லாவற்றையும் சுரக்குறிப்பில் எழுதிக் கொடுத்துவிட்டார். அரை மணி நேரத்துக்கும் மேலாக நாடா ஓடுகிறது, மனிதர்கள் அதைத் துரத்துகிறார்கள். மகத்தான படைப்பு அது. ஆனால் அங்கே எஜமான் நாடாதான்.  

என் மனத்துக்கு நெருக்கமான தீர்வு இசையமைப்பாளர் லூயிஜி நோனோ 1988இல் செய்தது. ‘லா லொந்தனான்ஸா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் படைப்பு. கிடோன் கிரேமரின் வயலினைப் பதிவுக்கூடத்தில் பதிந்து 8 தடங்களாக்கினார். நாற்காலி நகரும் ஓசை, பேச்சுக்குரல் எல்லாம் அதில் உண்டு. மேடையில் வயலின் கலைஞர் ஒரு சுரக்குறிப்புத் தாங்கியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து நடந்து வாசிக்கிறார். மிக்ஸர் முன்னால் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். 8 ஃபேடர்களில் எதை எப்போது உயர்த்துவது, எப்போது மூடுவது என்பது அவர் காதுக்கு விட்டது. ஒலி முழுக்கப் பழையது. அதைத் திறக்கும் விரல் மட்டும் இந்த நிமிடத்தது. வயலின் நின்றால் அவரும் நிறுத்தலாம். அவரை நான் பக்கவாத்தியக்காரர் என்றே சொல்வேன்.

பாரிசின் இர்காம் ஆய்வகத்தில் இசையமைப்பாளர் மனூரி 1987இல் புல்லாங்குழலுக்கு எழுதிய ‘ஜூபிட்டர்’ வேறு வழியில் போனது. அங்கே மில்லர் பக்கெட் எழுதிய நிரல் குழலைக் கேட்டுச் சுரக்குறிப்பில் எந்த இடம் என்று அறிந்துகொள்கிறது. கணினி மனிதரின் பின்னால் நடக்கிறது. 2001இல் ஏபிள்டன் லைவ் வந்தபின், பதிவைச் சிறு துண்டுகளாக வைத்துக்கொண்டு நினைத்த இடத்தில் எடுப்பது லேப்டாப் வைத்திருக்கும் எல்லோருக்கும் சாத்தியமாயிற்று. வசதி வந்த பிறகும் ஒரே நீளமான ட்ராக்கை ஓடவிட்டு, அதன் மேல் கையசைத்துக் காட்டுவதை நான் ஏற்பதில்லை.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் எடுத்துக்காட்டை வெறுமனே ஒலிக்கவிட வேண்டாம். வாசிப்பவர் ஒரு ஆவர்த்தனம் தாமதித்தால் உங்கள் பொறி என்ன செய்யும் என்பதை இந்த மேடையிலேயே வாசித்துக் காட்டுங்கள். 4 ஸ்பீக்கரும் ஒரு மிக்ஸரும் தயாராக இருக்கின்றன. முதல் அமர்வைத் தொடங்கலாம்.