ஊக்கம் பழகினால் வருமா?

“என் மகனுக்குப் படிப்பில் ஊக்கமே இல்லை, டீச்சர். அவன் பிறவிக் குணமே அப்படித்தான்” என்று தாய்மார்கள் என்னிடம் சொல்வதுண்டு. கிள்ளான் பக்கத்துத் தோட்ட வீடானாலும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும் இந்தக் கவலை ஒன்றுதான். ஊக்கம் பிறவியிலேயே அளந்து கொடுக்கப்படுவதா? அல்லது நாமே பழகிக் கொள்ளக் கூடியதா?

பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். புதிதாகக் கத்தி பிடித்தவருக்கு மரமே ஆசான். வெட்டு மேலோட்டமானால் மங்கில் பால் குறையும். ஆழமானால் மரம் காயப்படும். செய்த வேலையின் பலன் கண்ணுக்குத் தெரிவதால் கை திருந்துகிறது. ஆனால் மனத்தில் ஊக்கத்தை எழுப்ப முயலும்போது, அது எழுந்ததா என்று காட்ட மங்கு ஏது?

அப்படி ஒரு மங்கைத்தான் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அலிசன் அட்காக் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அமைத்துப் பார்த்தார்கள். அவர்களது ஆய்வு 2016-ஆம் ஆண்டு ‘நியூரான்’ என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்தது.

நம் நடுமூளையில் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோப்பமைன் என்ற இரசாயனப் பொருளை மூளையின் பல இடங்களுக்கு அனுப்புகின்றன. ஒன்றை அடைய வேண்டும் என்ற நாட்டத்துக்கும், கற்பதற்கும் அது துணை செய்கிறது. மூளையின் ஒரு பகுதி உழைக்கும்போது பிராணவாயு நிறைந்த இரத்தம் அங்கே கூடுதலாகப் பாயும். எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக் கருவி அந்த மாற்றத்தைக் கண்டறியும்.

கருவிக்குள் படுத்திருந்தவர்கள் வயது வந்தவர்கள். எண்ணங்களாலேயே ஊக்கத்தை எழுப்பும்படி அவர்களிடம் சொன்னார்கள். பெற்றோர் உற்சாகப்படுத்துவதாகச் சிலர் கற்பனை செய்தார்கள். பயிற்சிக்கு முன் அந்த மூளைப் பகுதியை அவர்களால் சீராக எழுப்ப முடியவில்லை. பிறகு, அப்பகுதியின் ஏற்ற இறக்கத்தை வெப்பமானி போன்ற படமாகக் கண்முன் காட்டினார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள், படத்தை எடுத்துவிட்ட பின்னும் தாமாகவே அதை எழுப்பினார்கள். எதுவும் காட்டப்படாதவர்களுக்கு அது கைவரவில்லை. பொய்யான அளவு காட்டப்பட்டவர்களுக்கும் கைவரவில்லை.

இதனால் பள்ளி மதிப்பெண் கூடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அந்தக் கருவியும் வீட்டில் வைக்கக் கூடியதன்று. ஆனால் அது என்னைச் சிந்திக்க வைத்தது.

என் வகுப்பில் ஒரு பையன் பெருக்கல் கணக்கில் தடுமாறினான். அவன் மனம் நோகக் கூடாதென்று, தப்பாகச் செய்தபோதும் “கெட்டிக்காரன்” என்றே சொல்லி வந்தேன். அவன் மாறவில்லை. நான் காட்டியதும் பொய் அளவுதானே! பிறகு ஒரு கட்டத்தாளைக் கொடுத்து, தினமும் சரியாகச் செய்த கணக்குகளின் எண்ணிக்கையை அவனையே குறிக்கச் சொன்னேன். சில நாள் ஏறியது. சில நாள் இறங்கியது. சில வாரங்களில், “டீச்சர், இன்றைக்குக் குறிக்கவில்லையே?” என்று அவனே தாளோடு வந்து நின்றான்.

பெற்றோர்களே, “சோம்பேறி” என்ற சொல் பிள்ளைக்கு எந்த அளவையும் காட்டுவதில்லை. வெறும் புகழ்ச்சியும் காட்டுவதில்லை. “நேற்று மூன்று சரி, இன்று ஐந்து சரி” என்று உள்ளதை உள்ளபடி, அன்போடு சொல்லுங்கள். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. மாலையில் ஐந்து நிமிடம் போதும்.