சுரண்டலுக்குச் ‘சுயமுன்னேற்றம்’ என்று பெயர்

(ராபர்ட்சன்பேட்டையில் வாலிபர், மாதர், தொழிற்சங்க ஊழியர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இன்று வேலை தேடி அலையும் வயதில் இருக்கிறார்கள். மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் நின்று, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு செல்லும் விடியற்கால ரயில்கள் அவர்களை அள்ளிச் செல்கின்றன. இரவில் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஒப்பந்த வேலை, உத்தரவாதமற்ற கூலி, போக்குவரத்திலேயே கரையும் வாழ்நாள். இந்த நிலையில் உள்ள ஓர் இளைஞனிடம், “ஞாயிற்றுக்கிழமை ஒரு செமினார். என்ன என்று இப்போது கேட்காதே, வந்து பார். உன் வாழ்க்கையே மாறும்” என்று நண்பன் ஒருவன் சொன்னால் அவன் போகத்தான் செய்வான். அவனை முட்டாள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவன் கேட்ட கேள்விக்கு வேறு எவரும் விடை சொல்லவில்லை என்பதே உண்மை.

ஒன்றைத் தெளிவாக்கிவிட்டு மேலே செல்கிறேன். ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்பையோ, கணினிப் பயிற்சியையோ, மனநல ஆலோசனையையோ நான் குறை சொல்ல வரவில்லை. கற்றுத்தருவதாகச் சொல்லி ஆளைப் பிடித்து, அவருடைய பணத்தையும் உழைப்பையும் உறவுகளையும் பறித்து, வெளியேற முடியாதபடி கட்டிப்போடும் குழுக்களைப் பற்றியே பேசுகிறேன்.

அண்மைக்கால நிகழ்வு ஒன்றிலிருந்து தொடங்கலாம். 2023 மார்ச் 16 அன்று மாலை செகந்திராபாத்தின் ஸ்வப்னலோக் வணிக வளாகத்தில் தீப்பிடித்தது. புகையில் சிக்கி ஆறு இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தனர். தெலங்கானாவின் சிறுநகரங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வந்த, இருபதுகளில் இருந்த பிள்ளைகள் அவர்கள். ஏதோ ஓர் அழைப்பு மையத்தில் வேலை செய்தவர்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது. அவர்கள் க்யூநெட் என்ற பல அடுக்கு விற்பனை வலைப்பின்னலோடு தொடர்புடைய அலுவலகத்தில் இருந்தவர்கள் என்பதும், லட்சத்துக்கு மேல் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் என்பதும் பிறகே வெளிவந்தது. காவல்துறை மோசடி வழக்குப் பதிந்தது. இதே வலைப்பின்னல் தொடர்பாக 2019 ஆகஸ்டில் சைபராபாத் காவல்துறை எழுபது பேரைக் கைது செய்திருந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுக்கிறது. வழக்கை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நம் கேள்வி வேறு. கூலி வாங்கப் போக வேண்டிய இடத்திற்குப் பணம் கட்டிவிட்டுப் போகும் நிலைக்கு ஒரு தலைமுறை எப்படிக் கொண்டுவரப்பட்டது?

இக்குழுக்கள் ஆளை ஈர்க்கும் முறை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில், வாழ்க்கையில் முறிவு ஏற்பட்ட நேரம் பார்த்து வருகிறார்கள். வேலை போனவர், தேர்வில் தோற்றவர், துணையை இழந்தவர், ஊர்விட்டு ஊர் வந்து தனித்திருப்பவர். அழைப்பவர் அந்நியர் அல்லர். நண்பர், உறவினர், உடன் படித்தவர். அந்த உறவின் நம்பிக்கையே இவர்களுடைய முதல் மூலதனம்.

இரண்டாவது, அன்பைக் கொட்டுகிறார்கள். எவரும் மதிக்காதவனை மேடைக்கு அழைத்துக் கைதட்டுகிறார்கள். ஒப்பந்தக்காரன் பெயர்கூடக் கேட்காத இளைஞனை ‘லீடர்’ என்று விளிக்கிறார்கள். அந்தக் கைதட்டலின் ருசியை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

மூன்றாவது, களைப்படையச் செய்கிறார்கள். மூடிய அரங்கு, உரத்த இசை, நள்ளிரவு வரை கூட்டம், தூக்கக் குறைவு, கைபேசிக்குத் தடை. யோசிக்க நேரம் கொடுக்காமலே உறுதிமொழி வாங்குகிறார்கள்.

நான்காவது, அந்தரங்கத்தைப் பேசவைக்கிறார்கள். “மனத்தின் சுமையை இறக்கிவை” என்ற பெயரில் கூட்டத்தின் நடுவே சொல்லப்படும் குடும்ப இரகசியங்கள் பின்னாளில் அவரை மிரட்டும் ஆயுதமாகின்றன.

ஐந்தாவது, துண்டிக்கிறார்கள். எச்சரிக்கும் தாய் ‘எதிர்மறை மனிதர்’ ஆகிறார். கேள்வி கேட்கும் நண்பன் ‘கனவைத் திருடுபவன்’ ஆகிறான். கடைசியில் அவருக்குக் குழுவைத் தவிர வேறு உலகம் இல்லாமற்போகிறது.

இந்த ஐந்தும் முற்றினால் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு அமெரிக்காவின் ‘நெக்ஸியம்’ சான்று. 1998-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் கீத் ரனியரியும் நான்சி சால்ஸ்மனும் இதைத் தொடங்கினர். ‘நிர்வாக வெற்றிப் பயிற்சி’ என்பதே அவர்கள் விற்ற சரக்கு. ரனியரி அதற்கு முன் நடத்திய தொழில் என்ன தெரியுமா? பல அடுக்கு விற்பனை நிறுவனம்தான். பல மாநிலங்கள் விசாரணை நடத்திய பிறகு அது மூடப்பட்டது. சரக்கு மாறியது, ஆள்பிடிக்கும் ஏணி மாறவில்லை. பயிற்சிக்குப் பயிற்சி கட்டணம், படிக்குப் படி நிற அங்கவஸ்திரம், ஆள் சேர்த்தால் உயர்வு. அதனுள்ளே பெண்களைக் கொண்ட ஓர் இரகசியப் பிரிவும் இருந்தது. தங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய படங்களையும் வாக்குமூலங்களையும் அப்பெண்கள் ‘பிணை’யாக ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவர்களில் பலரது உடலில் சூடு வைக்கப்பட்டது. 2019-இல் ரனியரி குற்றவாளி என்று தீர்ப்பானது. பாலியல் நோக்கிலான ஆள்கடத்தலோடு, கட்டாய உழைப்புக்கான சதியும் அவர்மீது நிரூபிக்கப்பட்ட குற்றங்களில் ஒன்று. 2020 அக்டோபரில் அவருக்கு 120 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் படித்தவர்களும் வசதி படைத்தவர்களும் ஏராளம். ஆகவே, “படிக்காதவன்தான் ஏமாறுவான்” என்ற பேச்சை இனி விட்டுவிடுவோம்.

இந்த அமைப்பைத் தாங்கி நிற்கும் கருத்து ஒன்று உண்டு: “உன் துன்பத்துக்கு நீயே காரணம், பாதிக்கப்பட்டவன் என்று உலகில் எவனும் இல்லை.” இது நம் மண்ணில் எந்த வடிவில் வருகிறது என்பதை 2024 ஆகஸ்ட் இறுதியில் பார்த்தோம். சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் தன்னம்பிக்கை உரை என்ற பெயரில் மகாவிஷ்ணு என்பவர் பேசினார். முற்பிறவிப் பாவமே உடற்குறைக்குக் காரணம் என்ற பொருளில் மாணவிகளுக்குப் போதித்தார். பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். செப்டம்பரில் அந்தப் பேச்சாளர் கைது செய்யப்பட்டார். முற்பிறவியின் பெயரால் சொன்னாலும், ‘மைண்ட்செட்’டின் பெயரால் சொன்னாலும் சாரம் ஒன்றே. சமூகம் செய்த காயத்துக்குக் காயம்பட்டவனையே குற்றவாளியாக்குவதுதான் அது.

தங்கவயலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தது அவர்களுடைய மனப்பான்மையின் கோளாறாலா? பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, நுரையீரலில் சிலிகாத் தூசியை ஏற்றிக்கொண்டு மேலே வந்தவனுக்கு ஊக்கம் போதவில்லை என்று எவரால் சொல்ல முடியும்? சுரங்கத்தை மூடியது ஓர் அரசியல் முடிவு. மாற்று வேலை தராததும் அரசியல் முடிவே. அதை மறைத்து, “நீ பெரிதாகக் கனவு காணவில்லை” என்று சொல்பவன் ஆள்வோரின் குற்றத்தைத் துடைத்துக் கொடுக்கிறான். அதற்குக் கட்டணத்தை நம்மிடமே வாங்குகிறான்.

இதன் பொருளாதாரத்தையும் பார்ப்போம். முதலாளி கூலி கொடுத்து உழைப்பை வாங்குகிறான். இங்கே கூலியே இல்லை. உறுப்பினர் ‘சொந்தத் தொழில் செய்பவர்’ ஆகையால் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., வேலை நேரம் எதுவும் கிடையாது. பயணச் செலவு, அரங்கக் கட்டணம், கோட்டு சூட்டு, பயிற்சிக் கட்டணம் எல்லாம் அவருடையவை. சரக்கு விற்காவிட்டால் நட்டமும் அவருடையதே. தாலிக்கொடியை அடகு வைத்தும் கைபேசிச் செயலியில் கடன் எடுத்தும் பணம் கட்டுகிறார். பிறகு அந்தப் பணத்தை மீட்கத் தன் தங்கையையும் பக்கத்து லைன் நண்பனையும் சேர்க்கிறார். சுரண்டப்பட்டவரே சுரண்டலின் கருவியாக மாறும் இடம் இது. குழுக்கள் அவரைக் கட்டிப்போடுவதும் இங்கேதான்.

சட்டமும் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறைக்கு அதில் இடமுண்டு. 2021-இன் நேரடி விற்பனை விதிகளும் பிரமிடுத் திட்டங்களைத் தடை செய்கின்றன. ஆனால் 1978 சட்டம் திட்டத்தை நடத்துபவரோடு அதில் ஆள் சேர்ப்பவரையும் பங்கேற்பவரையும் குற்றவாளியாகவே காண்கிறது. நான்கு பேரைச் சேர்த்துவிட்டவர் புகார் கொடுக்கக் காவல் நிலையம் போவாரா? போகமாட்டார். சேர்த்தவர்களிடம் வெட்கம், சட்டத்திடம் பயம், “நான் சரியாக உழைக்கவில்லை” என்ற குற்றவுணர்வு இவை மூன்றும் சேர்ந்து அவர் வாயை அடைக்கின்றன. ஆகவே, கீழ்மட்டத்தில் ஏமாற்றப்பட்டுப் பிறரைச் சேர்த்தவர்களைச் சாட்சிகளாகப் பாதுகாத்து, மேல்மட்டத்தில் கொள்ளையடித்தவர்களைத் தண்டிக்கும் வகையில் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

இங்கே கசப்பான ஒன்றையும் பேசியாக வேண்டும். இந்த நோய் இடதுசாரிப் பெயர்ப்பலகைக்குக் கீழும் வளர்ந்திருக்கிறது. கேரளத்தில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த அரவிந்தன் பாலகிருஷ்ணன், லண்டன் பிரிக்ஸ்டனில் மாவோவின் பெயரால் ஒரு ‘கம்யூன்’ நடத்தினார். பல பத்தாண்டுகள் பெண்களை அதில் அடைத்து வைத்திருந்தார். 2013-இல் மூன்று பெண்கள் மீட்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் அவருடைய சொந்த மகள். அந்தக் குழுவுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். 2016 ஜனவரியில் பாலகிருஷ்ணனுக்கு 23 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. செங்கொடி பிடித்தவன் என்பதால் நாம் விலக்குத் தர முடியாது. தலைவனைக் கேள்வி கேட்க முடியாத, கணக்குக் கேட்க முடியாத, விலகிச் செல்ல முடியாத அமைப்பு எந்த நிறக் கொடியை ஏற்றினாலும் சிறைச்சாலைதான். நம் கிளைக்கூட்டங்களில் விமர்சனமும் சுயவிமர்சனமும் இருக்கின்றன. அவை வேலையைப் பற்றியவையாக, மேலிருப்பவரையும் கட்டுப்படுத்துபவையாக இருக்கும்வரைதான் அவை ஜனநாயகம். ஒருவரை மண்டியிட வைக்கப் பயன்படும் நாளில் நாமும் அந்த அரங்குக்குள் நுழைந்துவிட்டோம் என்று பொருள்.

தோழர்களே, சுயமுன்னேற்றம் என்ற சொல்லை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதன் உண்மையான வரலாறு இந்த மண்ணில் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன், தீண்டாமையிலிருந்து தப்பி வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த சுரங்கத் தொழிலாளர்கள், அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளையை மாரிக்குப்பத்தில் வளர்த்தார்கள். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1926 முதல் ‘தமிழன்’ இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் படித்தார்கள், விவாதித்தார்கள், மூடநம்பிக்கையைக் கேள்வி கேட்டார்கள். 1930-இல் கைரேகைப் பதிவுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தவர்களும், 1946 நவம்பர் 4 துப்பாக்கிச் சூட்டில் ஆறு தோழர்களைப் பலிகொடுத்தும் சங்கத்தைக் காத்தவர்களும் அந்தப் படிப்பில் முளைத்தவர்களே. தனி ஒருவன் மட்டும் ஏணியில் ஏறுவதை அவர்கள் முன்னேற்றம் என்று கருதவில்லை. லைன் முழுவதும் நிமிர்வதையே அவர்கள் முன்னேற்றம் என்று கருதினார்கள்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை என்ன?

செமினாருக்குப் புறப்படும் பிள்ளையிடம் நான்கு கேள்விகளைக் கொடுத்தனுப்புவோம். பணம் சரக்கு விற்று வருகிறதா, ஆள் சேர்த்து வருகிறதா? அங்கே கேள்வி கேட்கலாமா? கட்டியதைத் திரும்பப் பெற்று விலகலாமா? வெளியே இருப்பவரிடம் கலந்து பேச அனுமதி உண்டா? ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் திரும்பி வந்துவிடச் சொல்வோம்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவரைக் கேலி செய்யாதீர்கள், வீட்டைவிட்டு விரட்டாதீர்கள். விரட்டினால் குழு சொன்னதே உண்மை என்றாகிவிடும். சாப்பாட்டுத் தட்டும் பேச்சும் அவருக்காக எப்போதும் காத்திருக்கட்டும். ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். ஏமாந்தவர்கள் தனித்தனியாகப் போகாமல், வழக்கறிஞர் துணையோடு கூட்டாகப் புகார் கொடுக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடனிலும் அவமானத்திலும் மனம் உடைந்து நிற்பவருக்கு அரசின் மனநல உதவி எண் 14416. இந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு கிளை அலுவலகச் சுவரிலும் இருக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. அந்த அரங்கில் கிடைத்த மரியாதை நம் கிளையில் அந்த இளைஞனுக்குக் கிடைக்கிறதா? ரயிலில் போய்வரும் ஒப்பந்தத் தொழிலாளியைத் தேடிச் சென்று நாம் பேசியிருக்கிறோமா? வாசகசாலைகளைத் திறப்போம். மாலை வகுப்புகளைக் கட்டணமின்றி நடத்துவோம். தங்கவயலுக்கு வேலை வேண்டும் என்ற போராட்டத்தை அந்த இளைஞர்களின் கையில் கொடுப்போம். வேலையில்லாத் திண்டாட்டம் தன் ஒருவனின் தோல்வியல்ல, ஊரின் பொதுப் பிரச்சினை என்று அவன் உணரும் நாளில், இவர்களுடைய அரங்குகளில் நாற்காலிகள் காலியாகும்.